கையெழுத்துப் போடாதே என்றாய், தம்பி

தம்பி,

ரயில் நகர ஆரம்பித்த பிறகும் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு நீ கத்தினாயே, அது விருத்தாசலம் ஜங்ஷன் முழுக்கக் கேட்டது. "ம்மா, இந்தத் தடவ கையெழுத்து போடாத! போன்ல மழுப்பாத, எழுத்துல பதில் சொல்லு!" என்றாய். டீ விற்கிறவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார். ஜெனி உன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்ததையும் பார்த்தேன். தாலி கட்டிய மஞ்சள் கூட மங்கவில்லை, அதற்குள் உன்னை எப்படி அடக்குவது என்று அந்தப் பெண் தெரிந்துகொண்டுவிட்டாள். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அப்பாவும் நானும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

எழுத்தில் கேட்டாய், எழுத்தில் தருகிறேன். ஆனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு நடுவில் என்னத்தையாவது கிறுக்கி வைத்தவன்தானே நீ. அதனால் பதில் கடைசியில்தான் இருக்கிறது, தாவாதே. ஜெனி பக்கத்தில் இருந்தால் அவளையே சத்தமாகப் படிக்கச் சொல். அவளுக்குத் தெரியாத விஷயங்கள் இதில் நிறைய இருப்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஜெனி, உன் மாமியார் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் நர்ஸ். வேலை ஒப்பந்தத்தில். வருஷத்துக்கு ஒரு முறை ஒரு தாளை நீட்டுவார்கள், கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருஷம் வேலை உண்டு. அந்தத் தாளில்தான் கையெழுத்துப் போடாதே, சென்னைக்கு எங்களோடு வந்துவிடு என்று உன் புருஷன் ரயிலில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

தம்பி, நீ இதை முதலில் கேட்டது கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்னால், அந்த வீடியோ வந்த அன்று. யார் யாருக்கோ போய்க் கடைசியில் உன் ஆபீசில் ஒருவர் உன்னிடமே காட்டினாராம். கூட்டமான வராந்தா. கதவுக்கு முன்னால் நின்று நான் கையை விரிக்கிறேன். போனைப் பிடித்திருக்கிறவரின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் இடி மாதிரி கேட்கிறது. "ஏம்மா, நாங்க என்னா ஆடா மாடா? மொத பஸ்ஸ புடிச்சு வந்து குந்தியிருக்கோம். டாக்டரும் இல்ல, மாத்திரையும் இல்ல. இத சொல்றதுக்கா உனக்கு சம்பளம்?" அதோடு முடிந்துவிடுகிறது. நீ போனில் அழாத குறை. "எவன்மா அவன், அவன் மூஞ்சிய மட்டும் காட்டு" என்று பல்லைக் கடித்தாய். என் பிள்ளைக்கு என் மேல் இவ்வளவு பாசமா என்று அந்த நேரத்திலும் எனக்குப் பூரிப்பாகத்தான் இருந்தது. அதை அப்போது சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பாய்.

ஆனால் நீ பார்த்தது பாதிதான். அவர் சம்பளத்தை இழுத்தாரா, எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எங்கம்மாவுக்குக் கோபமே வராது என்று நீ நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிவதெல்லாம் சுத்தப் பொய். "அந்த சம்பளமே ரெண்டு மாசமா வரலய்யா! வந்தா உனக்கும் பாதி தரேன், வாங்கிக்கிட்டுப் போ!" என்று நானும் அவருக்குச் சளைக்காமல் கத்தினேன். பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார், வரிசை முழுக்கச் சிரித்தது, கடைசியில் கத்தினவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது வீடியோவில் இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்து போச்சுங்க என்று பிறகு அவரே சொன்னார்.

சிரித்துவிட்டுப் போனவர் ஏன் அதை ஊருக்கு அனுப்பினார் என்று கேட்பாய். அவர் கூட்டிவந்தது தன் கூடப்பிறந்த தம்பியை. மாத்திரை இல்லாமல் அந்தத் தம்பி தூங்கவில்லை. விடிய விடிய வாசலில் நடந்தான். இவரும் பின்னாலேயே நடந்தார். மறுபடி கோபம் தலைக்கேறி, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் போட்டிருப்பேன். டாக்டரம்மா ஒருவர்தான். அவரைத்தான் கடலூர் மாவட்டத்தில் பாதிக்கும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது செவ்வாய்க்கிழமை. அதிலும் திடீரென்று முகாம், கோர்ட்டு என்று அழைத்துவிட்டால் அவர் என்ன செய்வார். மனநல ஆலோசகர் என்று போர்டு மாட்டிய ஓர் அறை இருக்கிறது. உள்ளே உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆலோசகரை இன்னும் போடவில்லை. மாத்திரை ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கையிருப்பைப் பார்த்துப் பாதியாகக் கொடுக்கிறோம். வேப்பூரிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள் யாரைத் திட்டுவார்கள்? மேலே இருக்கிறவர்கள் யாரும் வராந்தாவில் நிற்பதில்லை. நான் நிற்கிறேன், என்னைத் திட்டுகிறார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். அவருக்குக் கலியபெருமாள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை நான் எழுதமாட்டேன். நம் பக்கத்தில் கலியபெருமாளே என்று கூப்பிட்டால் எந்தக் கூட்டத்திலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் பாதகமில்லை. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் விவசாயம். வீடியோ இவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கவே சிரிப்பாக இருந்தது. "கலியபெருமாள், இப்படி வாங்க. எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. உங்க கொரலு கடைசி ஆளு வரைக்கும் கேக்குது. டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வராங்க, தூக்க மாத்திரை மட்டும் இருக்குது, மத்தது வியாழக்கிழமதான் வரும்னு நீங்களே சொல்லிடுங்க" என்றேன். மனிதர் ஒரு நிமிஷம் என்னை முறைத்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார் பாரு, மருந்துக் கிடங்கில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. நிற்க வேண்டியவர் நின்றார், போக வேண்டியவர் போனார். எனக்கு அன்று ஊசி போடவும் மனிதர்களோடு பேசவும் நேரம் கிடைத்தது.

அதிலிருந்து அவர்தான் எங்கள் மைக். அதோடு விட்டாரா என்றால் இல்லை. "வந்தப்புறம் இல்லன்னு சொல்றதுக்கு, வரதுக்கு முன்னாடியே சொல்லிப்புட்டா என்னாங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை, தோன்றினாலும் போன் போட ஆள் இல்லை. விருப்பப்பட்டவர்கள் அவரிடம் நம்பர் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நான் அவருக்குச் சொல்வேன், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். எங்கே போகிறோம் என்று வீட்டிலும் பக்கத்திலும் தெரியக்கூடாது என்று பலருக்குப் பயம், அதனால் நேராகப் பேசமுடியாது. "கட தொறந்திருக்குது, சரக்கு வந்திருக்குது, வாங்க" என்பார். ஒரு நாள் அவர் சம்சாரம் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "சிஸ்டர், இந்த மனுசன் விடிஞ்சும் விடியாம ஊருல உள்ளவங்களையெல்லாம் சரக்கு அடிக்கக் கூப்புடுறாரு, இவருக்கும் ஒரு மாத்திர குடுங்க" என்று ஒரே அழுகை. நானும் டாக்டரம்மாவும் அன்று சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்கள் எங்களுக்கே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இனி வேறு ஒன்று. நீ ஆறாவது படிக்கும்போது என்று நினைக்கிறேன், கடைத்தெருவில் ஒருவர் உன் கன்னத்தைத் தட்ட வந்தார். நான் அவரை முன்னே பின்னே பார்த்ததே இல்லாதவள் மாதிரி உன்னை இழுத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து "அம்மாவுக்குத் திமிரு" என்று அப்பாவிடம் கோள் சொன்னாய். அது திமிர் இல்லை, என் வேலையில் ஒரு பழக்கம். எங்களிடம் வருகிறவர்களை வெளியில் கண்டால் நாங்கள் முதலில் சிரிக்கமாட்டோம். அவர்கள் சிரித்தால் சிரிப்போம். பேசினால் பேசுவோம். கோயிலில் நம் பாவத்தையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட சாமியார் தெருவில் நம்மைப் பார்த்தால் ஒன்றும் தெரியாத மாதிரிப் போவாரே, அது போலத்தான். நான் ஒருவரைப் பார்த்துத் தலையாட்டினால், இந்த சிஸ்டருக்கு உன்னை எப்படித் தெரியும் என்று கூட இருக்கிறவர் கேட்பார், ஒரு பெண்ணுக்குப் பார்த்த இடம் கூட நின்றுபோகும். அதனால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் தலைக்கனம் பிடித்தவள். நாலு கடை ஏறி இறங்கினால் எனக்கு முகத்தை இறுக்கி வைத்தே தாடை வலிக்கும்.

இதில் ரொம்ப அடிபட்டவர் உன் அப்பாதான். அவர் வேலை பார்க்கிற பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற ஒரு பெண் உண்டு. மல்லிகா என்று நானாக ஒரு பெயர் வைக்கிறேன். அவர் என்னிடம் பல வருஷமாக மாத்திரை வாங்குகிறவர் என்பது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு அவரைத் தெரியும் என்பதும் தெரியாது. அப்பா சூளையைப் பார்த்துக்கொள்கிறவர், கண் எழுதி முடிக்காமல் அவர் வேலை ஓடாது. சாப்பிடும்போது உட்கார்ந்து அளப்பார். "எங்க மல்லிகாவுக்குக் கை நடுங்குதுடி. கொலுவுக்கு வைக்குற செட்டியாரு பொம்ம அத்தனையும் மாறுகண்ணா வருது. மொதலாளி வேற ஆள் பாக்குறாரு." எனக்குத் தெரியும், அது மாத்திரையால் வந்த நடுக்கம். அந்த வாரம்தான் மல்லிகா, வேலை போய்டும் சிஸ்டர், நான் மாத்திரையை நிறுத்தப் போறேன் என்று அழுதார். டாக்டரம்மா அளவைக் குறைத்து வேறொன்று எழுதியிருந்தார், கேட்குமா கேட்காதா என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் "யாரு மல்லிகா? ரசம் போடட்டுமா?" என்று கேட்பேன். "ஒரு மனுசி கஷ்டத்த சொல்றேன், கல்லு மாதிரி நிக்குற பாரு" என்று அப்பாவுக்குக் கோபம் வரும். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், "மல்லிகாவுக்குக் கை நடுக்கம் நின்னுபோச்சு, இன்னிக்கு எழுதின கண்ணு அப்படியே பேசுது" என்றார். நான் அடுப்பங்கரைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில். எந்த விருதை என் கையில் கொடுத்தாலும் அந்தச் சாயங்காலத்துக்கு ஈடாகாது, தம்பி.

எப்போதும் இப்படி நல்லதாக முடிந்துவிடும் என்று உன்னை நம்ப வைக்கமாட்டேன். கத்துகிறவர்களைப் பார்த்து நீ பயப்படுகிறாய். எனக்கு அவர்கள் மேல் பயம் கிடையாது. கத்துகிறவர் வந்திருக்கிறார், என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார். மருந்து இல்லை என்று கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய், அப்புறம் வராமலே போகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு தேடிப் போய்ப் பார்க்க ஆள் கிடையாது. ஒரு பெண், ஜெனி வயதுதான் இருக்கும், எப்போதும் பச்சைக் குடை கொண்டுவருவாள். ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு காணவில்லை. கொடுத்திருந்த விலாசத்தில் யாரும் இல்லை. அவளுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பாத்திரத்தைச் சத்தமாகப் போட்டுக் கழுவின நாட்களெல்லாம் அப்படிப்பட்ட நாட்கள்தான். கலியபெருமாளின் போன் வந்த பிறகு அப்படிக் காணாமல் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். வராதவர்களை அவர் விடுவதில்லை, "என்னாங்க, கட பக்கமே காணோம்?" என்று கூப்பிட்டு நச்சரிக்கிறார்.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். எனக்கு எழுதும்போதே சிரிப்பு வருகிறது. பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் நர்ஸ் என்று அச்சடித்துவிட்டாய், எந்தப் பிரிவு நர்ஸ் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பத்திரிகை ஒரு வீட்டு டீவி மேல் உட்கார்ந்தால் போதும், யார் கொடுத்தது என்று கேள்வி வரும். அதனால் என்னிடம் வருகிறவர்கள் ஒருவருக்குக்கூட நான் கொடுக்கவில்லை. அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. ஆனால் லீவு போட்டால் சொல்லியாக வேண்டுமே, கலியபெருமாளிடம் அடுத்த வாரம் நான் இல்லை, மகனுக்குக் கல்யாணம் என்றேன், என்றைக்கு, எங்கே என்று அவர் தோண்டியதற்கும் பதில் சொல்லிவிட்டேன். மனிதர் வழக்கம் போலத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அடுத்த செவ்வா சிஸ்டர் இருக்கமாட்டாங்க! வேற சிஸ்டர் வருவாங்க! நம்ம சிஸ்டர் புள்ளைக்குக் கல்யாணம்! கோயில் பக்கத்து மண்டபம்! எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று வராந்தா அதிர அறிவித்துவிட்டார். நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கோயிலில் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்து, நீ கட்டி முடித்து, மண்டபத்தில் நீங்கள் மேடை ஏறிய சமயம், வாசலில் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நான் என்ன செய்வேன், சொல். பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக நின்றுகொண்டு, என் பிள்ளை கல்யாணத்துக்கு வருகிறவர்களைத் தெரியாத மாதிரிப் பார்க்கிறேன். அவர்களும் சொல்லிவைத்த மாதிரி என்னைத் தெரியாதவர்களாக வருகிறார்கள். உன் மாமியார் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு, நீங்க எந்தப் பக்கம் என்று அன்பாக விசாரிக்கிறார். ஒருவர் பையனோட ஸ்கூல் வாத்தியார் என்றார். இன்னொருவரும் வாத்தியார் என்றார். ஒரு அம்மா பால்காரர் வூடு என்றார். ஒரு பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் சும்மாதாம்மா வந்தேன்" என்றார். அவர்தான் நேர்மையானவர். உங்க புள்ளைக்கு எத்தனை வாத்தியார்தான் பாடம் நடத்தினாங்க என்று உன் மாமியார் என்னிடம் ஆச்சரியப்பட்டார்.

பிரியாணி இத்தனை பேருக்குப் போடவில்லை. இரண்டாம் பந்தியிலேயே அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் கரை வேட்டி கட்டின ஒருவர் சமையல்கட்டுக்குள் புகுந்து, எட்டிப் பார்த்து, வெளியே வந்து, தம் ஆட்களையெல்லாம் கை காட்டி ஓரமாக உட்காரவைத்தார். "பொண்ணு வூட்டுக்காரங்க மொதல்ல சாப்புடட்டும். நாம கடைசியா குந்திக்கலாம், சாம்பார் சோறு வடிச்சுக்கலாம். நமக்குத்தான் காத்திருந்து காத்திருந்து பழக்கமாச்சே!" என்றார். ஓரத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். உன் மாமியார் வீட்டாருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பந்தி அவர் கையில்தான். இலை போடுவதும் ஆளை உட்காரவைப்பதும் அவர் குரலுக்குத்தான் நடந்தது. நீ மேடையிலிருந்து இறங்கி வந்து அவருக்குத் துண்டு போர்த்தினாய். "அண்ணே, நீங்க இல்லன்னா எங்க மானமே போயிருக்கும். உங்க கொரல எங்கயோ கேட்ட மாதிரியே இருக்குதுண்ணே" என்றாய். அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். ஆமாம், தம்பி. அவன் மூஞ்சியைக் காட்டு என்று கேட்டாயே, பார்த்துவிட்டாய். கட்டிப் பிடித்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டாய். இதை உனக்கு எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன், "எழுதுங்க சிஸ்டர், துண்ட மட்டும் திருப்பிக் கேக்கக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயும் பார்த்தாய். உன் ஆபீஸ் நண்பர்கள் மேடையில் இருந்தார்கள். அம்மா என்ன செய்கிறார் என்று ஒரு பெண் கேட்டாள். "ஜி.எச்.சுல நர்ஸு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாய். என் காதில் விழுந்தது, நான் வருத்தப்படவில்லை. ஸ்கூலில் உன்னை மென்டல் சிஸ்டர் மகன் என்று பையன்கள் கூப்பிட்டு நீ சட்டை கிழிந்து வந்த நாளில், நர்ஸ் என்று மட்டும் சொல், போதும் என்று நானே உனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. சரியாக அப்போதுதான் அப்பா மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு மேடை ஏறினார். "இதான் எங்க கம்பெனி மல்லிகா, எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்று எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். நானும் கும்பிட்டு, "வாங்க, ரொம்ப சந்தோஷம், இப்பதான் பாக்குறேன்" என்றேன். மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "சார், சிஸ்டர எனக்கு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். நான் இவங்ககிட்டதான் மாத்திர வாங்குறேன். மனசுக்கு. இவங்க இல்லன்னா நான் இன்னிக்கு கண்ணு எழுதமாட்டேன், கண்ணு முழிச்சே இருக்கமாட்டேன்." மைக் இல்லை, ஆனாலும் மேடையில் எல்லோருக்கும் கேட்டது.

இத்தனை வருஷம் மூடி மூடி வைத்ததை அவர் ஒரு சிரிப்பில் திறந்துவிட்டார். உன் மாமியார் என்ன சொல்வார் என்று பயந்தேன். அவர் மல்லிகாவின் தோளைத் தொட்டு, "அப்படிங்களா? சாப்ட்டீங்களா, இல்ல நீங்களும் கடைசிப் பந்தியா?" என்றார். அவ்வளவுதான். உலகம் இடியவில்லை. அப்பா மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும், "எத்தினி வருசமா தெரியும்?" என்று கேட்டார். சொல்லக்கூடாது என்றேன். "நான் கத கதையா சொல்லும்போது ரசம் போடட்டுமான்னு கேட்டியேடி, பாவி!" என்று அவர் குதித்த குதியை நீ பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் புதிதாகக் குடித்தனம் தொடங்கியிருக்கிறீர்கள், பெரிய புத்திமதி எதுவும் என்னிடம் இல்லை. ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். ஜெனி வேலைக்குப் போகிற பெண். என்றாவது ஒரு நாள் முகம் வாடி வந்து உட்காருவாள். உனக்கு உடனே, விட்டுத்தள்ளு, ராஜினாமா பண்ணிடு, நான் பார்த்துக்கிறேன் என்று சொல்லத் தோன்றும், உன் குணம் அது. சொல்லாதே. சாப்பிட்டியா என்று கேள். யார் என்ன சொன்னாங்க என்று கேள். அந்த வேலையில் அவளுக்கு என்ன பிடிக்கும் என்றும் கேள், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. நீ என்னிடம் கஷ்டத்தை மட்டும் கேட்டாய், கஷ்டத்தை மட்டும்தான் பார்த்தாய். இருவரில் யாருக்காவது சோர்வு நாள் கணக்கில் நீண்டால், தூக்கம் கெட்டால், மறைக்காமல் டாக்டரிடம் போங்கள், சேர்ந்து போங்கள். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிப் போங்கள்.

சரி, பதில். நேற்று அலுவலகத்தில் அந்தத் தாளை எடுத்து நீட்டினார்கள். கிளார்க் தம்பி, "என்னா சிஸ்டர், போடுறீங்களா, புள்ள கூட மெட்ராஸுக்குக் கெளம்புறீங்களா?" என்று கேட்டார். பேனா கையில் இருந்தது. நீ ரயிலிலிருந்து கத்தினது என் காதில் கேட்டது, உன் முகமும் தெரிந்தது. உன் வீட்டில் உட்கார்ந்து, நீ ஆபீஸ் விட்டு வரும்போது கதவைத் திறந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை என்றா நினைக்கிறாய்? இருக்கிறது. கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் இன்னொன்றும் கேட்டது. மல்லிகா மேடையை விட்டு இறங்கின பிறகு, உன்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணை நீயாகவே திரும்பக் கூப்பிட்டாய். நான் பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டாய். "எங்கம்மா சும்மா நர்ஸு இல்ல. மனநலப் பிரிவு நர்ஸு. இந்த மண்டபத்துல பாதிப் பேரு அவங்கள பாக்கத்தான் வந்திருக்காங்க" என்றாய். சொல்லும்போது உன் கழுத்து நிமிர்ந்திருந்தது.

மேடையில் ஒரு பேச்சு, ரயிலில் ஒரு பேச்சு பேசினால் பெற்றவள் எதை எடுத்துக்கொள்வாள்? எனக்குப் பிடித்ததைத்தான் எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன், தம்பி.

அம்மா